துரத்துறவன் மடையன் இல்லீங்க!

டிஸ்கி: இது அமெரிக்காவுல லைசென்ஸோட நடக்கிற கார்டு ரூம்கள்ல, முகத்துக்கு முகம் உட்கார்ந்து ஆடுற லிமிட் போக்கர் பத்தின பதிவு. ஊர்ல இருந்து படிக்கிறவங்க இதைப் பார்த்துட்டு எந்த ஆப்பையும் தேடிப் போக வேண்டாம். காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை 2025ல மத்திய அரசு சட்டம் போட்டே தடை பண்ணியாச்சு. வேண்டாதவங்க இங்கயே அப்பீட் ஆகிக்கலாம் :-)

போக்கர் மேசையில எனக்கு சுத்தமா பிடிக்காத ஆள் யாருன்னு கேட்டா, குடிச்சுட்டு உளர்றவனோ, ஒவ்வொரு கைக்கும் அஞ்சு நிமிஷம் யோசிக்கிறவனோ இல்லை. ரெண்டு ஏஸ் வெச்சுத் தோத்துட்டு, ஜெயிச்சவனுக்குப் பாடம் எடுக்கிறாரே, அந்தப் பெரிய மனுஷர்தான். "அந்தக் கையோட எப்படிப்பா வந்தே? ஒரே ஒரு சீட்டு வரணும்னு கடைசி வரைக்கும் துரத்தினியா? இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று ஆரம்பிப்பார். கலிஃபோர்னியாவில் எந்த 4/8 லிமிட் மேசையில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்தப் பிரசங்கத்தை இலவசமா கேக்கலாம். மொழி மாறும், பிரசங்கம் மாறாது. சுத்தி இருக்கிறவங்க தலையாட்டுவாங்க. ஜெயிச்சவன் சீப்பை அடுக்கிக்கிட்டே தப்பு செஞ்ச மாதிரி குனிஞ்சு உட்கார்ந்திருப்பான்.

இந்தப் பதிவு அந்தப் பெரிய மனுஷருக்கு எதிரானது. நேரடியாவே சொல்லிட்டேன்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு நாலு வரி. ஆளுக்கு ரெண்டு சீட்டு, கவுத்து வெச்சது. நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. முதல்ல மூணு விரிப்பாங்க (ஃப்ளாப்), அப்புறம் ஒண்ணு (டர்ன்), கடைசியா ஒண்ணு (ரிவர்). ஏழுல சிறந்த அஞ்சை வெச்சு யார் கை பெருசுன்னு பார்க்கிறது. ஒவ்வொரு கட்டத்துலயும் காசு கட்டணும். நடுவுல குவியுற காசுக்குப் பேர் பாட். 4/8 லிமிட்னா முதல் ரெண்டு சுத்துக்கு பெட் 4 டாலர், அடுத்த ரெண்டு சுத்துக்கு 8 டாலர். கோடீஸ்வரனே வந்து உட்கார்ந்தாலும் அவ்வளவுதான், நினைச்ச தொகையைத் தள்ள முடியாது. இந்தக் கடைசி வரியை மனசுல வெச்சுக்கங்க. சண்டையே இங்கதான்.

டிரான்னா இன்னும் முழுசாகாத கை. ரம்மி ஆடினவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 5, 6 வெச்சுக்கிட்டு 4 வரட்டும், இல்லேன்னா 7 வரட்டும்னு காத்திருக்கோமே, அதே கதைதான். போக்கர்ல நாலு சீட்டு வரிசையா சேர்ந்து ரெண்டு பக்கமும் திறந்திருந்தா ஓப்பன் எண்டட். நடுவுல ஒரு பல் விழுந்திருந்தா கட்ஷாட். நாலு ஆட்டின் சேர்ந்து அஞ்சாவது ஆட்டினுக்குக் காத்திருந்தா ஃப்ளஷ் டிரா. நம்ம கையை முழுசாக்குற சீட்டுக்கு அவுட்னு பேரு (கிரிக்கெட் அவுட் இல்லீங்க, இது நல்ல அவுட்). ஃப்ளஷ்ஷுக்கு 9, ஓப்பன் எண்டட்டுக்கு 8, கட்ஷாட்டுக்கு 4. ஃப்ளாப் விரிச்சதும் நம்ம கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47. அப்ப ஃப்ளஷ் அடுத்த சீட்டுல வராததுக்கும் வர்றதுக்கும் 38க்கு 9, அதாவது ஏறக்குறைய 4.2க்கு 1. கட்ஷாட்டுக்கு 43க்கு 4, கிட்டத்தட்ட 10.75க்கு 1. அவ்வளவுதான் கணக்கு. எட்டாம் கிளாஸ் விகிதம்.

இப்ப நம்ம பெரிய மனுஷர் கதைக்கு வருவோம். அவர்கிட்ட ரெண்டு ஏஸ். ரெய்ஸ் பண்றார். அஞ்சு பேர் கூடவே வர்றாங்க. ஆளுக்கு 8 டாலர், ஆறு பேர், பாட்ல 48. ஃப்ளாப்: டைமன் ராஜா, கிளாவர் 7, ஆட்டின் 6. அவர் 4 டாலர் பெட் கட்டுறார். ஒருத்தர் கால். பாட்ல இப்ப 56. அடுத்தது உங்க முறை. உங்ககிட்ட இஸ்பேட் 10, இஸ்பேட் 9. 8 வந்தா மட்டும்தான் ஸ்ட்ரெயிட். புத்தகம் படிச்ச எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிற கட்ஷாட்.

மடக்கணுமா? இதே நிலைமை 47 தடவை வருதுன்னு வெச்சுக்கங்க. 43 தடவை அடுத்த சீட்டுல 8 வராது, ஆளுக்கு 4 டாலர் வீதம் 172 டாலர் போச்சு. 4 தடவை வரும், 56 வீதம் 224 டாலர் உங்களுக்கு. 8 வந்த பிறகு ராஜா வெச்சவனும் ஏஸ் வெச்சவனும் இன்னும் கட்டப்போற 8 டாலர் பெட்களை நான் கணக்குலயே சேர்க்கலை. ஆக, கட்டுறதுதான் சரி. உங்களுக்குப் பின்னாடி ஒருத்தன் ரெய்ஸ் பண்ணத் துடிச்சுக்கிட்டு இருந்தா கணக்கு மாறும், ஒத்துக்கறேன். ஆனா பொதுவா இந்த விலைக்கு அந்தச் சீட்டு மலிவு.

ரிவர்லயோ டர்ன்லயோ 8 வந்து விழுந்ததும் பெரிய மனுஷர் கத்துவார். ஐயா, அந்த 56 டாலரை அங்க குவிச்சது யாரு? ரெய்ஸ் பண்ணி, அஞ்சு பேரையும் டபுளா கட்ட வெச்சு, பாட்டைப் பெருசாக்கினது நீங்கதானே? கல்யாண விருந்துக்கு ஊரையே கூப்பிட்டுட்டு, ஏன் இத்தனை பேர் சாப்பிட வந்தீங்கன்னு கேட்டா எப்படி? (ரெய்ஸ் பண்ணது தப்புன்னு சொல்லலை. ஏஸுக்கு ரெய்ஸ்தான் சரி. ரெய்ஸ் பண்ணிட்டு அழறதுதான் தப்பு.)

இன்னொண்ணும் சொல்றேன். ரெண்டு ஏஸ் ஒரே ஒரு எதிராளியோட மோதினா 100க்கு 85 தடவை ஜெயிக்கும். ஏதோ ஒரு கையோட அஞ்சு பேர் கடைசி வரைக்கும் நின்னா 49 தடவைதான். பாதிக்கும் கம்மி! ஆறு பேர் கட்டின காசுல பாதியை அள்ளுறதே அமோக லாபம். அந்த லாபத்தை வாங்கிக்கிட்டு, மீதிப் பாதிக்கும் சேர்த்து ஒப்பாரி வைக்கிறதைத்தான் என்னால சகிக்க முடியலை.

இந்த வியாதி எங்கிருந்து வந்துச்சு? என் சந்தேகம் டிவி மேலதான். 2003ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு கணக்காளர், ஆன்லைன்ல சின்னக் காசு கட்டித் தகுதி பெற்று, உலகப் போக்கர் தொடர்ல 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அப்புறம் ஊரெல்லாம் டிவி பார்த்துப் போக்கர் கத்துக்கிச்சு. ஆனா டிவியில காட்டினது நோ லிமிட். அங்க ஏஸ் வெச்சவன் டிரா வெச்சவனுக்கு என்ன விலை வேணும்னாலும் வைக்கலாம். பாட்ல 50 இருக்கும்போது 50ஐத் தூக்கிப் போட்டா, கட்ஷாட் காரனுக்குக் கிடைக்கிற விலை 2க்கு 1. அவன் கட்டினா மடையன்தான், சந்தேகமே இல்லை. அந்த ஊர்ல பொறந்த "துரத்தாதே"ங்கிற புத்திமதியை அப்படியே தூக்கிட்டு வந்து, 4 டாலருக்கு மேல பெட் கட்டவே முடியாத மேசையில ஓதினா? இங்க விலையை நிர்ணயிக்கிறது ஏஸ் காரர் இல்லை. எத்தனை பேர் உள்ளே வந்திருக்காங்கங்கிறதுதான். தெரிஞ்சவங்க எழுதியும் வெச்சிருக்காங்க. ஸ்க்லான்ஸ்கி, மால்மத், எட் மில்லர் மூணு பேரும் சேர்ந்து 2004ல கொண்டு வந்த 'ஸ்மால் ஸ்டேக்ஸ் ஹோல்டெம்' புத்தகத்துல, பாட் பெருசா இருந்தா அல்பமா மடக்கிட்டு ஓடாதேன்னு திரும்பத் திரும்ப வரும்.

இதுல என்ன பெரிய நஷ்டம், கத்துறவர் கத்திட்டுப் போகட்டும்னு விட்டுடலாம். விட முடியலை. ஏன்னா அந்தக் கத்தல்ல புதுசா வர்ற பசங்க நாசமாப் போறாங்க.

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், வேலைக்குன்னு இங்க வந்து ரெண்டு வருஷம் ஆகுது. சனிக்கிழமை 200 டாலர் எடுத்துக்கிட்டு வருவான், அதுக்கு மேல பர்ஸைத் தொட மாட்டான். நல்ல பழக்கம். ஒருநாள் அவன் கையில ஆட்டின் ஏஸ், ஆட்டின் 8. டர்ன் வரைக்கும் நடுவுல ரெண்டு ஆட்டின். ஜோடி சேர்ந்த சீட்டு எதுவும் நடுவுல இல்லை. பாட்ல 80 டாலர், அவன் கட்ட வேண்டியது 8. போன கையில தோத்த பெரிய மனுஷர் அப்பதான் பத்து நிமிஷம் பிரசங்கம் முடிச்சிருந்தார், "டிராவைத் துரத்துறவன் வீடு போய்ச் சேர மாட்டான்"னு. தம்பி சீட்டை மடக்கிட்டான்! பெரிய மனுஷர் தட்டிக் கொடுத்தார், "இதான் தம்பி டிசிப்ளின்"னு. எனக்கு வந்த கோபத்துக்கு டீயைக் கொட்டிக்கிட்டேன்.

ரிவர்ல ஆட்டின் வந்துச்சான்னு கேக்காதீங்க. வந்தாலும் வராட்டியும் அந்த மடக்கலோட விலை மாறாது. மிச்சம் 46 சீட்டு. 9 தடவை 80 வரும், 37 தடவை 8 போகும். சராசரி எடுத்தா அந்த ஒரு கால் 9 டாலருக்கு மேல பெறும். இந்த மாதிரி மேசையில மணிக்கு ஒரு பெரிய பெட், அதாவது 8 டாலர் ஜெயிக்கிறவன் நல்ல ஆட்டக்காரன்னு ரொம்ப நாளா ஒரு அளவுகோல் உண்டு. அப்ப 'டிசிப்ளின்'ங்கிற பேர்ல அந்தப் பையன் ஒரு மணி நேர உழைப்பை ஒரு நொடியில குப்பையில போட்டான். ராத்திரிக்கு மூணு தடவை இப்படிப் போட்டா, ரொம்ப ஒழுக்கமா, ரொம்ப பொறுமையா தோத்துக்கிட்டே இருப்பான். தோல்விக்குக் காரணம் மட்டும் கடைசி வரைக்கும் பிடிபடாது. துரத்தித் தோத்தவனாவது காரணம் தெரிஞ்சு தோக்கிறான்.

சொல்லப்போனா நிறைய பேர் உள்ள பாட்ல ஃப்ளஷ் டிராவுக்குத் துரத்தல்ங்கிற பேரே பொருந்தாது. ஃப்ளாப்ல இருந்து ரிவருக்குள்ள ஃப்ளஷ் முடியுறதுக்கு 35 சதவீத வாய்ப்பு. உங்களையும் சேர்த்து அஞ்சு பேர் ஆளுக்கு 4 கட்டினா 20 டாலர், அதுல 35 சதவீதம் 7. நாலு போட்டு ஏழு எடுக்கிறீங்க. இதுக்கு கால் பண்றது கூட சோம்பேறித்தனம், ரெய்ஸே பண்ணலாம். அதே டிரா, எதிர்ல ஒரே ஒருத்தன்னா? 8 டாலர்ல 35 சதவீதம் 2.80. நாலைப் போட்டு ரெண்டே முக்கால் எடுக்கிறீங்க. சீட்டு அதேதான். மேசையைச் சுத்தி இருக்கிற தலைகள்தான் மாறிடுச்சு.

இதைப் படிச்சுட்டு "ஆஹா, அண்ணன் சொல்லிட்டார், இனிமே எல்லாத்தையும் துரத்துவோம்"னு கிளம்புற கோஷ்டிக்கும் ரெண்டு குட்டு வைக்கணும். உங்களை நான் ஆதரிக்கவே இல்லை.

முதல் குட்டு. நீங்க தோக்கிற காசு டிராவுல போகலை, அதுக்கு முன்னாடியே போகுது. ரெண்டு சீட்டும் ஒரே ஜாதின்னு ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் 4ஐத் தூக்கிக்கிட்டு, ரெய்ஸ் விழுந்தாலும் வருவேன்னு வர்றீங்க பாருங்க, அங்க. ஒரே ஜாதி ரெண்டு சீட்டு வெச்சிருந்தா ஃப்ளாப்ல ஃப்ளஷ் டிரா அமையுறது 100க்கு 11 தடவை. ஃப்ளஷ்ஷே அமையுறது ஒரு தடவை கூட முழுசா இல்லை. மீதித் தடவையெல்லாம் கையில இருக்கிறது வெறும் ஜாக்கியும் நாலும். ஃப்ளாப்புக்கு அப்புறம் சரியான விலைக்குத்தான் துரத்துறீங்க. ஆனா அந்த இடத்துக்கு வந்து சேர ஆட்டோ காசா எவ்வளவு கொடுத்தீங்க?

ரெண்டாவது குட்டு. வந்தா ஜெயிக்கிற சீட்டைத் துரத்துங்க, வந்தும் தோக்கிற சீட்டைத் துரத்தாதீங்க. மேல சொன்ன ராஜா, 7, 6 ஃப்ளாப்லயே 10, 9க்குப் பதிலா 4, 3 வெச்சிருக்கீங்கன்னு வைங்க. அதுவும் கட்ஷாட்தான், 5 வரணும். அதே விலைதான். ஆனா 5 வந்தா 9, 8 வெச்சிருக்கிறவனுக்கும் ஸ்ட்ரெயிட், உங்களை விடப் பெருசு. முகமெல்லாம் சிரிப்பா ரெய்ஸ் பண்ணுவீங்க, அவன் திரும்ப ரெய்ஸ் பண்ணுவான். டிரா வராம தோக்கிறதுக்கு 4 டாலர். வந்து தோக்கிறதுக்கு 24 டாலர் ஆகும். ஃப்ளாப்ல ரெண்டு கிளாவர் கிடக்கும்போது ஓப்பன் எண்டட்டை எட்டு அவுட்னு எண்ணாதீங்க. அதுல ரெண்டு கிளாவர்; அது வந்தா வேற ஒருத்தனுக்கு ஃப்ளஷ். ஆறுன்னு எண்ணுங்க. விலை 4.9ல இருந்து 6.8க்கு ஏறிடும். நடுவுல ஜோடி விழுந்திருந்தா இன்னும் மோசம். எவனோ ஃபுல் ஹவுஸை மடியில வெச்சுக்கிட்டு உங்க ஃப்ளஷ்ஷுக்காகப் பூப்போட்டுக் காத்திருக்கலாம்.

அப்புறம் அந்த 35 சதவீதம். ஃப்ளாப்ல இருந்து ரெண்டு சீட்டும் பார்க்கிறதுக்கான எண் அது. டர்ன் வந்து போனப்புறமும் "எனக்கு 35 பர்சென்ட் இருக்கு"ன்னு 8 டாலரைத் தள்ளுறாங்க. அப்ப இருக்கிறது ஒரே சீட்டு, 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. விலை டபுள், வாய்ப்பு பாதி. கட்ஷாட் காரங்க பெரும்பாலும் இறங்க வேண்டிய ஸ்டாப் டர்ன்தான்.

பெரிய மனுஷர் பக்கம் நியாயமே இல்லையான்னு கேப்பீங்க. கொஞ்சம் இருக்கு. ஆண்டி மார்ட்டன்னு ஒரு ஆட்டக்காரர் 1990கள்ல ஒரு விஷயத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார், இப்பவும் அவர் பேர்லதான் அது இருக்கு. நீங்க முந்தியிருக்கீங்க, ரெண்டு பேர் பின்னாடி துரத்துறாங்க. ரெண்டாவது ஆள் தப்பான விலைக்குத்தான் துரத்துறான். அந்தத் தப்புல கிடைக்கிற லாபம் பூராவும் உங்களுக்குத்தானே வரணும்? இல்லையாம். பாட் ஒரு அளவுல இருக்கும்போது அது முதல் துரத்தல்காரன் பாக்கெட்டுக்குப் போகும், உங்களுக்கு நஷ்டம் கூட வரும். அவன் மடக்கியிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும். ஆக, தப்பா ஆடுறவனால நமக்கு வலிக்கிறது நிஜம்தான். ஆனா அதுக்கு என்ன செய்ய முடியும்? லிமிட்ல அவனை வெளியே தள்ளுற அளவுக்கு பெட் கிடையாது. வலிக்குதுன்னு திட்டினா அவன் ஒண்ணு எழுந்து போயிடுவான், இல்லேன்னா திருந்தி ஒழுங்கா ஆட ஆரம்பிப்பான். ரெண்டுல எது ஏஸ் காரருக்கு லாபம்னு எனக்குப் புரியலை.

ஒரே ஒரு இடத்துல மட்டும் அவர் சொல்றதை வாய் மூடிக் கேட்டுக்கறேன். மத்தியான நேரம், மேசையில ஆள் கம்மி, ரெய்ஸ் இல்லாம மூணு பேர் உள்ளே, பாட்ல 12 டாலர். கலிஃபோர்னியாவில் பாட்ல இத்தனை சதவீதம்னு வீட்டுக்காரன் எடுக்க முடியாது, கைக்கு இவ்வளவுன்னுதான் எடுக்கிறான். ஒரு 5 டாலர், ஜாக்பாட்டுக்குன்னு இன்னொரு 1 டாலர் போச்சுன்னா மிச்சம் 6. ஒருத்தன் 4 கட்டுறான். 10 டாலருக்காக நீங்க 4 கட்டணும், விலை 2.5க்கு 1. கட்ஷாட்டை விடுங்க, ஃப்ளஷ் டிராவுக்கே 4.2 வேணும், பின்னாடி வரப்போற பெட்டை நம்பித்தான் கட்டணும். பெரிய பாட்ல 6 டாலர் போனா தெரியாது, இங்க பாதியே அதுதான். அந்த மேசையில யாராவது என் காதுல "துரத்தாதே"ன்னு சொன்னா, அவருக்கு நானே ஒரு காபி வாங்கித் தர்றேன்.